இடையிடையே அடிக்கும் காற்றுக்குத் தமிழில் என்ன பெயர்?

தருமபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புயல் பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறார்கள். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. "மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று செய்தியில் வாசிக்கிறார்கள் அல்லவா, அந்த 90-க்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் கஸ்ட். முதலில் வரும் 70, 80 என்பது நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்வது. கஸ்ட் மூன்றே விநாடி உச்சம்.

பிள்ளைகள் காகிதக் கோப்பைகளில் காற்றுமானி செய்து மொட்டைமாடியில் வைத்தார்கள். ஒரு கோப்பைக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசி, அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினார்கள். எண்ணிக்கொண்டிருந்த பெண் திடீரென்று, "சார், எண்ணவே முடியல" என்றாள். அந்த நொடிக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

அரூரிலிருந்து:

கடிவளி என்று வையுங்கள். கடி உரிச்சொல். தொல்காப்பியர் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறார். விரைவு, மிகுதி, அச்சம் மூன்றும் அதில் உண்டு. கஸ்டுக்கு வேண்டியதும் இந்த மூன்றுதானே? கடிது, கடுகுதல், கடுமை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. சமையலறைக் கடுகும் பாலில்லாத கடுங்காப்பியும்கூட அந்தக் குடும்பம்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

ஐயா, கடி என்றதும் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் பாம்புக்கடி, பூரான்கடிதான் நினைவுக்கு வரும். இந்தச் சொல் எங்களுக்கு ஐப்பசியைவிடச் சித்திரை, வைகாசியில்தான் அதிகம் தேவை. பிற்பகலில் இடிமேகம் திரளும். மழையில் குளிர்ந்த காற்று மேலிருந்து சரிந்து, தரைக்கு வந்ததும் நாலாபக்கமும் பாயும். பத்து நிமிடம்கூட இருக்காது. போன வருடம் அப்படி அடித்ததில் பெங்களூரா மாமரத்தடியில் கால் வைக்க இடமில்லை. காம்பு ஒடிந்து, பால் வடிய வடியக் கிடந்தன காய்கள். மாங்கூழுக்கு அவை ஆகாது. ஊறுகாய்க்குக் கேட்டவர்களிடம் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டோம். அன்று எல்லோரும் சொன்னது "ஒரு வீசு வீசிட்டுப் போச்சு" என்றுதான். வீச்சு என்றே வைத்தால் என்ன?

ஓசூரிலிருந்து:

வீச்சு ஏற்கெனவே இயற்பியல் பாடத்தில் அலைக்குப் போய்விட்டது. அதே வகுப்பில் இரண்டு வீச்சு வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். மோதுகாற்று என்கிறேன். வினைத்தொகை, ஆகவே க் மிகாது. அச்சகத்தில் மோதுக்காற்று என்று "திருத்தி"விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சராசரிக்குத் தொடர்காற்று. இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் 60-லிருந்து 90 ஆனால், வாழையைத் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. மரத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த மூன்று விநாடிதான்.

அரூரிலிருந்து:

வளி இருக்கக் காற்று எதற்கு? வளிமண்டலம் என்று சின்னப் பிள்ளைகளே சொல்கிறார்களே.

ஊத்தங்கரையிலிருந்து:

நடுவில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழஞ்சொல் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். "புயல்என்னும் வாரி" என்று குறளில் வரும் புயலுக்கு மழை என்றுதான் பொருள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. வெதுவெதுப்பான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி. தரைக்கு வந்தால் காற்று தளரும். தளரவும் செய்தது. 62 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான் புயல் என்பது கணக்கு, அதனால் எங்களை மூழ்கடித்தபோது அதற்குப் புயல் என்ற பெயரே இல்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை. நிறுத்தியிருந்த வண்டிகளை ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது. காற்றுக்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் செய்யுங்கள், ஒரு பக்கத்தை மழைக்கும் ஏரிக்கரைக்கும் விடுங்கள்.

தருமபுரியிலிருந்து:

ஊத்தங்கரை அண்ணன் சொன்னது சரி. நான்காம் பக்கம் முழுவதும் மழைக்கே. சொல்லுக்கு வந்த பதில்களில் ஐந்து பேர் மோதுகாற்று, இரண்டு பேர் வீச்சு, அரூர் ஐயா கடிவளி. மோதுகாற்று என்றே கொடுக்கிறேன். முதன்முதலில் வரும் இடத்தில் "ஒரு வீசு வீசிவிட்டுப் போகும் காற்று" என்று விளக்கமும் சேர்த்துவிட்டேன்.

அரூரிலிருந்து:

அச்சடியுங்கள், ஆனால் நான் ஏற்கவில்லை. மோதுவதற்கு எதிரே ஒரு பொருள் வேண்டும். உங்கள் மாடியில் அந்தச் சிவப்புக் கோப்பை இல்லாவிட்டாலும் அந்த நொடியில் காற்று அப்படித்தான் அடித்திருக்கும். அதற்கு உங்கள் சொல்லில் இடம் எங்கே? மறுபதிப்பு போடும்போது சொல்லுங்கள், கடிவளிக்கு மேற்கோள்கள் எடுத்து அனுப்புகிறேன்.