ஏலகிரி ஏற்றத்தில் கொதிக்கும் அம்பாசடர் மார்க் 2

காட்பாடி வாசகர் கேட்கிறார்:
ஐயா, வணக்கம். என்னிடம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடர் மார்க் 2 உள்ளது. கத்திரி வெயிலில் வேலூர் நெரிசலில் நின்றாலும் சூடு அளவோடுதான் இருக்கிறது. ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் முள் உச்சிக்குப் போய், ரேடியேட்டர் மூடி வழியாக நீர் பொங்கி வழிகிறது. இதுவரை வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றி வந்தோம். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார் மெக்கானிக். அமிலம் ஊற்றிக் கழுவலாமா, அல்லது ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா?

ராணிப்பேட்டையிலிருந்து:
நின்ற இடத்தில் சூடேறாத வண்டி, எஞ்சினுக்குச் சுமை கூடும்போது மட்டும் கொதிக்கிறது என்றால், விசிறியைவிட நீரோட்டத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து ரேடியேட்டர் குழாய்களின் உட்புறத்தைச் சுருக்கிவிடுகின்றன. போதாததற்கு, சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு பிளாக்கின் துருவும் சேற்றைப் போலப் பின் சிலிண்டரைச் சுற்றித் தங்கிவிடுகிறது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். நீர் வராவிட்டால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். மெல்லிய கம்பியால் குத்திவிட வேண்டும். பிறகு ஹோஸ்களைக் கழற்றி, பிளாக்கையும் ரேடியேட்டரையும் தனித்தனியே, வழக்கமான ஓட்டத்திற்கு எதிர்த்திசையில், தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழுவினால் பிளாக்கின் துரு முழுவதும் ரேடியேட்டரில் போய் அடைந்துவிடும். அதன் பின்னும் அடைப்பு நீங்காவிட்டால், ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கின் ஈயப்பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் தூர் எடுத்துத் தருவார்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து, பத்மினி கார் வைத்திருப்பவர்:
கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வண்டியின் அருகிலேயே கொண்டுவர வேண்டாம். அது உலோகத்தையும் ஈயப்பற்றையும் அரித்துவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம், லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மிகாமல் இருந்தால் போதும். ஊற்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, சமையல் சோடா கலந்த நீரால் ஒரு முறை, நல்ல நீரால் பல முறை கழுவ வேண்டும். உங்கள் எஞ்சினில் பிளாக்கை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு; என் வண்டியுடையது அலுமினியம் என்பதால் நான் இதைவிட நீர்த்த கரைசலையே விரும்புவேன். படிவு நீங்கியதும் அதுவரை அடைபட்டிருந்த ஓட்டைகள் கசியத் தொடங்கலாம். அதற்காக அமிலத்தைப் பழிக்க முடியாது. இனிமேல் வாலை வடிநீரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் (எஞ்சின் குளிர்விப்புத் திரவம்) கலந்து ஊற்றுங்கள். வடித்த கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடிக்கும், அது கொடிய நஞ்சு.

ராணிப்பேட்டையிலிருந்து மீண்டும்:
தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அதை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் வெந்நீரில் தொங்கவிடுங்கள். அதன் மீது பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறந்தால் அதில் குறையில்லை, திறக்காவிட்டால் புதிதாக மாற்றுங்கள். எறிந்துவிட்டு ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகித் தேய்மானம் கூடும். கீழ் ஹோஸ் தளர்ந்திருந்தால், வேகமாக ஓடும்போது பம்பின் இழுவிசையில் அது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், அதையும் மாற்றிவிடுங்கள். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் ஏற்றத்தில் சூடு கூடும். இவை அனைத்தையும் சரிசெய்த பின்னும் கொதித்தால், ஆறிய எஞ்சினை மூடியின்றி ஓடவிட்டு மேல் டேங்கில் குமிழிகள் இடைவிடாது வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.