மூன்று ஸ்டாப் இருட்டாக விழுந்த இருவாச்சி: ராவிலிருந்து எவ்வளவு மீட்கலாம்?

பட்டர்வொர்த்_கரை:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு தண்ணிமலை தாவரவியல் பூங்காவில் காலை 8.40க்கு எடுத்த கருவெள்ளை இருவாச்சி. அத்திமரக் கிளையில் உட்கார்ந்து, அலகு நுனியில் ஒரு சிவந்த பழத்தைப் பிடித்திருக்கிறது. பின்னால் முழுக்க வெள்ளை வானம். பறவை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) இருட்டாகி, கரிக்கட்டையாக விழுந்திருக்கிறது.

நிக்கான் டி7500, 200-500 லென்ஸ் 500இல், மேனுவல், 1/2000, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. மேட்ரிக்ஸ் மீட்டர் (சட்டகம் முழுவதையும் பார்த்து வெளிச்சத்தை அளப்பது) நடுவில்தான் நின்றது. 14-பிட் ரா (சென்சார் பதிந்த மூலக் கோப்பு), ஜேபெக் (கேமராவே சுருக்கித் தந்த படம்) இரண்டும் கையில் உண்டு.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மூன்று வழி பார்த்தாகிவிட்டது. எக்ஸ்போசரை +3க்குத் தள்ளினால் அலகின் மேல்விளிம்பு வானத்தோடு கரைந்து காணாமல் போகிறது. ஷேடோஸை +100க்குக் கொண்டுபோனால் உடம்பு சாம்பல் நிறமாகி, சிறகடியில் ஊதா தெரிகிறது. சப்ஜெக்ட் மாஸ்க் போட்டு பறவையை மட்டும் தூக்கினால் கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா, இல்லை விட்டுவிடலாமா? குறைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஆயர்ஹீத்தாம்_நிழல்:

தம்பி, விட்டுவிட வேண்டாம். ஃபோகஸ் கண்ணில் சரியாக இருக்கு, தலை சாய்வும் பழமும் நல்ல நேரத்தில் அமைஞ்சிருக்கு. இதெல்லாம் எடிட்டில் வராது. வெளிச்சம் ஓரளவுக்கு வரும்.

முதலில் ஒன்று. ஜேபெக்கை மறந்துடுங்க. அதில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். இருட்டான இறகுப் பகுதிக்குக் கிடைச்சது அதில் ஏழெட்டுப் படி இருந்தாலே அதிகம். தூக்கினால் பட்டை பட்டையாக உடையும். ராவில் மட்டும் வேலை செய்யுங்க.

மீட்டர் நடுவில் நின்றும் ஏன் இருட்டுன்னு பார்த்தால், சட்டகத்தில் முக்கால் பங்கு வெள்ளை வானம். மேட்ரிக்ஸ் மீட்டர் அந்த வெள்ளையை நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும். பறவை எவ்வளவு கறுத்தாலும் அதற்குக் கவலையில்லை. அதோட 1/2000 பறக்கும் பறவைக்கான வேகம்.

இப்போ உங்க மூன்று முயற்சியும் ஏன் தோற்றதுன்னா, மூன்றிலும் கறுப்பு இறகைப் பார்த்து அளவு முடிவு பண்ணியிருக்கீங்க. இருவாச்சியின் முதுகு கறுப்பு. அதில் இறகு வரி தெரியுற வரைக்கும் தூக்கினால் பறவை சாம்பலாகத்தான் ஆகும். அளவுகோல் வெள்ளை வயிறு. டெவலப் பகுதியில் கர்சரை வயிற்றின் மேல் வையுங்க, ஹிஸ்டோகிராமுக்கு (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) கீழே மூன்று எண் சதவீதத்தில் வரும். உங்க படத்தில் அது 28, 30 போலத்தான் இருக்கும். நிழலில் இருக்கும் வெள்ளை வயிறு 75இலிருந்து 80க்குள் வந்தால் போதும். அந்த இடத்தில் நிறுத்தினால் கறுப்பு இறகு தானாகவே 15க்கும் 20க்கும் நடுவில் உட்காரும். அங்கே வரி லேசாகத் தெரியும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

செய்முறை இதுதான். மொத்தப் படத்துக்கும் எக்ஸ்போசர் +1 மட்டும். வானம் இப்போ 70ஐ ஒட்டி இருந்தால் 95க்குப் போகும், அதுக்கு மேல் விடாதீங்க. மிச்சம் இரண்டு ஸ்டாப்பை மாஸ்கில் கொடுக்கணும். ஆனால் சப்ஜெக்ட் மாஸ்க் வேண்டாம். அது பறவையை மட்டும் பிடிக்கும், கால் பற்றியிருக்கும் கிளையையும் பக்கத்து இலைகளையும் இருட்டிலேயே விட்டுடும். வெளிச்சம் கிளையில் விழாமல் பறவையில் மட்டும் விழுந்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு உடனே பொய் தெரியும். ஒட்டிய மாதிரி இருந்ததுக்குக் காரணம் விளிம்பு இல்லை, கிளைதான்.

அதுக்குப் பதிலா லூமினன்ஸ் ரேஞ்ச் மாஸ்க் எடுங்க, அது வெளிச்ச அளவை வெச்சு இடத்தைத் தேர்ந்தெடுக்கும். 0இலிருந்து 45 வரை முழுசா, அங்கிருந்து 65 வரை மெல்ல மங்குற மாதிரி இழுத்துவிடுங்க. பறவை, கிளை, இலை மூன்றும் ஒரே மாஸ்கில் வரும், வானம் வராது. இதில் இன்னொரு லாபம், அலகு. அதன் மேலே இருக்கும் தந்தநிறப் புடைப்பு இறகைவிட வெளிச்சமானது. அது மங்கும் எல்லைக்குள் விழும், அதனால் தானாகவே குறைவாகத் தூக்கப்படும். வானம் 95, புடைப்பு 80, 82 என்று வந்தால் மேல்விளிம்பு பிரிந்து நிற்கும். அந்த விளிம்பைத் தொலைச்சால் புடைப்பில் இருக்கும் கரும்பட்டையின் எல்லையும் மங்கிப்போகும். ஆணா பெண்ணான்னு பார்க்க அதுதான் வேணும்.

மாஸ்குக்குள் எக்ஸ்போசர் +2, பிளாக்ஸ் −12. எதிர்வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி நிழல் மேல் ஒரு வெளிறல் போர்த்தியிருக்கும். தூக்கும்போது அதுவும் கூடவே வளரும், பிளாக்ஸ் அதைக் கீழே இழுக்கும். டீஹேஸ் போடாதீங்க, விளிம்பில் கறுப்புக் கோடு வரும். ஷேடோஸ் ஸ்லைடரை 0இல் விடுங்க.

நாய்ஸுக்கு (இருட்டில் வரும் மணல் மாதிரிப் புள்ளிகள்) ஏஐ டிநாய்ஸை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டுங்க. அது முதலில் காட்டும் 50ஐ அப்படியே ஏத்துக்காதீங்க. இருவாச்சிக்குக் கண்ணுக்கு மேல் இமைமயிர் மாதிரி நீண்ட முடி உண்டு. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அதைப் பாருங்க. 50இல் அது மெழுகுக் கோடாகும். 35, 40இல் தனித்தனி முடியாக நிற்கும். இறகில் கொஞ்சம் மணல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

பாயான்லெப்பாஸ்_டி:

அண்ணன் சொன்ன முறையேதான், லைட்ரூம் இல்லாதவர்களுக்கு டார்க்டேபிளில் எப்படி என்று சேர்த்துவிடுகிறேன். இலவச மென்பொருள், இந்த வேலைக்கு அதன் டோன் ஈக்வலைசர் (ஒவ்வொரு வெளிச்ச அளவையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) மிக வசதி.

எக்ஸ்போசர் மாட்யூலில் வானத்தை அளவாக வைத்து நிறுத்துங்கள். பிறகு டோன் ஈக்வலைசரைத் திறந்து, முதலில் மாஸ்கிங் பகுதிக்குப் போங்கள். பலரும் இதைத் தாண்டிவிட்டு நேரே ஸ்லைடரைப் பிடிப்பார்கள். இருட்டான படத்தில் எல்லா டோனும் இடது மூலையில் குவிந்து கிடப்பதால் ஒரே ஸ்லைடர்தான் வேலை செய்யும், கிளை பறவை எல்லாம் ஒரே கட்டியாக எழும்பும். மாஸ்க் எக்ஸ்போசர், மாஸ்க் கான்ட்ராஸ்ட் இரண்டின் பக்கத்திலும் இருக்கும் மந்திரக்கோல் குறியை அழுத்தினால் டோன்கள் அகலமாகப் பரவும். மாஸ்கைக் காட்டும் குறியை அழுத்திப் பார்த்தால் பறவை ஒரே சாம்பல் திட்டாக, விளிம்பு மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். இறகு வரிகள் மாஸ்கில் தெரிந்தால் ஸ்மூதிங் அளவைக் கூட்டுங்கள்; இல்லாவிட்டால் இறகின் உள் கான்ட்ராஸ்ட் தட்டையாகிவிடும்.

அப்புறம் கர்சரைப் பறவையின் மேல் வைத்து மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் அந்த டோன் மட்டும் எழும். இதில் ஒரு டோனுக்கு +2 ஈவிதான், அதாவது இரண்டு ஸ்டாப்தான் உச்சம். உங்கள் படத்துக்குத் தேவையானதும் சரியாக அதுவே.

சிறகடி ஊதாவுக்கு டிநாய்ஸ் ப்ரொஃபைல்டு மாட்யூலில் பயாஸ் கரெக்‌ஷன் என்று ஒரு ஸ்லைடர் உண்டு. மிக இருண்ட பகுதியில் வரும் நிறக்கறைக்கென்றே வைத்தது. கறை போகும்வரை சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

பட்டர்வொர்த்_கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. லூமினன்ஸ் மாஸ்க் போட்டதும் படம் உயிர் பெற்றது. வயிறு 77, வானம் 95. அலகு தனியாக நிற்கிறது. கிளையும் வந்துவிட்டது.

ஆனால் மூன்று இடம் இடிக்கிறது. வயிறு இளம்பச்சையாக இருக்கிறது. வொயிட் பேலன்ஸ் பிக்கரை வயிற்றில் வைத்தால் பச்சை போகிறது, ஆனால் வானம் ரோஸ் நிறமாகிறது. சிறகடி ஊதா குறைந்தாலும் முழுதாகப் போகவில்லை, எனக்கு லைட்ரூம்தான். பழம் சிவப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாகச் செங்கல் நிறத்தில் இருக்கிறது.

ஆயர்ஹீத்தாம்_நிழல்:

வயிறு பச்சையாக இருப்பது தவறு இல்லை தம்பி. கீழே இருக்கும் இலைகளில் பட்டுத் திரும்பின வெளிச்சம்தான் அந்த வயிற்றில் விழுது. வானத்துக்கு ஒரு நிற வெளிச்சம், மரத்துக்கு உள்ளே வேற நிறம். ஒரே பிக்கரில் இரண்டும் சரியாகாது. மொத்தப் படத்தை 5,800 கெல்வின் பக்கம் வெச்சு வானத்தை நடுநிலை ஆக்குங்க. பிறகு அதே லூமினன்ஸ் மாஸ்குக்குள் டின்ட் (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவில் நகர்த்துற ஸ்லைடர்) +6இலிருந்து +10. பச்சையை முழுசா எடுத்துடாதீங்க, ஒரு துளி மிச்சம் இருந்தால்தான் பறவை அந்த மரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்கே நிறுத்துறதுன்னு புடைப்பைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். அது தந்தநிறம், லேசா மஞ்சள் கலந்தது. பேப்பர் வெள்ளை ஆனால் தாண்டிட்டீங்க.

ஊதா வருவதுக்குக் காரணம், இருட்டின் அடியில் சென்சாரின் கறுப்பு எல்லை மூன்று நிறத்துக்கும் துல்லியமாக ஒரே இடத்தில் உட்காராது. அங்கே சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும் சின்ன விலகலை ராவைத் திறக்கும்போது வொயிட் பேலன்ஸ் பெருக்குது. நீங்க அதை எட்டு மடங்காகத் தூக்குறீங்க. லைட்ரூமில் கடைசியாக இருக்கும் கேலிப்ரேஷன் பகுதியில் ஷேடோஸ் டின்ட் என்று முதல் ஸ்லைடர். பச்சைப் பக்கம் −8, −10. மிக அடியில் இருக்கும் இருட்டை மட்டும்தான் பெரும்பாலும் தொடும். அதுக்கும் அடங்காத இடத்தில் பிரஷ் எடுத்து சாச்சுரேஷன் −60. இறகு கறுப்பு என்பதால் யாருக்கும் தெரியாது. பிரஷ் முதுகின் மேல் ஏறாமல் பார்த்துக்கங்க, முதுகில் லேசான பச்சை மினுமினுப்பு உண்டு, அது அந்தப் பறவையின் சொந்த நிறம்.

பழத்துக்குத் தனியா ஒரு பிரஷ் மாஸ்க். பேயர் சென்சாரில் நாலு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பு, மற்ற மூன்றும் பழத்தில் கிட்டத்தட்டக் குருடு. அதான் புள்ளி. பழத்தில் இறகு மாதிரி நுண்வரி கிடையாது, அதனால் அங்கே மட்டும் நாய்ஸ் +70, டெக்ஸ்சர் −30 தாராளமாகப் போடலாம். எக்ஸ்போசரை அரை ஸ்டாப் குறைங்க. சிவப்பை அதிகம் தூக்கினால் ஆரஞ்சுப் பக்கம் சாயும், சாச்சுரேஷனால் அதைத் திருப்ப முடியாது. இருட்டின பிறகு வேணும்னா சாச்சுரேஷன் +10.

புக்கிட்மெர்தாஜாம்_மூங்கில்:

திருத்திய படத்தைப் பார்த்தேன். நிறம், வெளிச்சம் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். மீதி என் பார்வைக்குப் பட்டது.

கிராப் மிக இறுக்கம். 5568 பிக்சல் அகலப் படத்தை 1900க்கு வெட்டியிருக்கிறீர்கள். இதனால் நாய்ஸைச் சுருக்க இடமே இல்லாமல் போகிறது. மொத்த அகலத்தையும் 2048க்குச் சுருக்கினால் ஏழு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும், நாய்ஸ் பாதிக்கும் கீழே இறங்கும். இறுக்கிய கிராப்பில் ஒவ்வொரு பிக்சலும் அப்படியே கண் முன்னால் நிற்கிறது. இடது பக்கக் கிளை முனைவரை விட்டு 4000 அகலத்துக்கு வெட்டிப் பாருங்கள். பறவை பார்க்கும் திசையில் இடமும் கிடைக்கும்.

ஷார்ப்பனிங் வானத்திலும் ஓடியிருக்கிறது, நீலப் பொடி தூவிய மாதிரி இருக்கிறது. மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் அழுத்திக்கொண்டு 75 வரை இழுங்கள். திரையில் வானம் முழுக் கறுப்பாகி, இறகு விளிம்பும் அலகும் மட்டும் வெள்ளைக் கோடாக மிஞ்ச வேண்டும். அமவுன்ட் 45, ரேடியஸ் 0.8. கிளாரிட்டி +25 போட்டிருப்பதாகத் தெரிகிறது, வயிற்று ஓரத்தில் சாம்பல் நிழல் விழுகிறது. எடுத்துவிட்டு டெக்ஸ்சர் +12 வையுங்கள்.

கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளியை நீங்கள் வெள்ளையாகப் பூசியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அவ்வளவு கூரான புள்ளி வராது, பறவை பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். கண்ணின் மேல் +0.4 எக்ஸ்போசர் போதும், உள்ளே இருக்கும் மங்கலான வானப் பிரதிபலிப்பு வந்துவிடும்.

நிழலுருவமாகவே விடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். பழம் இல்லாவிட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பழத்தின் சிவப்புதான் இந்தப் படத்தின் மையம், அது தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த்_கரை:

கண்ணில் பூசியதை நீக்கிவிட்டேன், மன்னிக்கவும். கிராப்பைத் தளர்த்தியதும் நாய்ஸ் நிஜமாகவே அடங்கிவிட்டது. கடைசியாக ஒன்று: அதே மரத்தில் பழம் இன்னும் இருக்கிறது. மறுபடி போனால் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிவிடலாமா?

ஆயர்ஹீத்தாம்_நிழல்:

1/2000ஐ வெச்சுக்கிட்டு 3200க்கு ஏத்தினால் இப்போ எடிட்டில் கிடைச்சதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சென்சாரில் விழுந்த வெளிச்சம் அதே அளவுதான். கூடவே வானம் மூன்று ஸ்டாப் மேலே போய் வெந்துடும், அலகு விளிம்பைத் தின்னுடும். வெளிச்சத்தை ஷட்டரில் எடுங்க.

உட்கார்ந்து பழம் தின்னுற பறவைக்கு 1/500 போதும். விஆர் (லென்ஸின் அதிர்வுத் தடுப்பு) போட்டு, மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) வெச்சால் 1/250உம் வரும், ஆனால் தலையைத் தூக்கிப் பழத்தை உள்ளே விடுற நொடியில் கலங்கும். ஐஎஸ்ஓ 400லேயே 1/500 என்றால் இரண்டு ஸ்டாப் உண்மையான வெளிச்சம், நாலு மடங்கு. நாய்ஸ் பாதியாகும். வெளிச்சம் அதிகம்னு எச்சரிக்க வானம் கேமராத் திரையில் மினுக்கும். அந்த மினுக்கல் ஜேபெக்கை வெச்சுக் காட்டுறது, ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். வானம் முழுக்க மினுக்கினால் 1/640க்கு இறங்குங்க, அதோட நிறுத்துங்க. பறவை ஒரு ஸ்டாப் இருட்டாகவே பதிவாகட்டும், அந்த ஒரு ஸ்டாப்பை லூமினன்ஸ் மாஸ்கில் தூக்குறது சுலபம்.

ஐந்து ஐந்தாகச் சுடுங்க, பழத்தை மேலே எறிஞ்சு பிடிக்கும்போது மட்டும் 1/1600க்கு மாத்துங்க. டி7500இல் யூ1, யூ2 இரண்டிலும் இந்த இரண்டு செட்டிங்கையும் முன்கூட்டியே பதிஞ்சு வெச்சால் டயலை ஒரு சொடுக்கு திருப்பினால் போதும். யூ2வில் ஐஎஸ்ஓ 1250.