புதுப்பிப்பு: லிஃப்ட் பயம், இப்போதைய நிலை

மின்வெட்டில் லிஃப்டுக்குள் சிக்கியதிலிருந்து ஏழாம் மாடி அலுவலகத்துக்குப் படியேறியே போகிறேன், இதற்கு வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி உளவியல் ஆலோசகரைப் பார்த்தேன். பயம் தரும் சூழல்களை, மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் வகுத்த 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தச் சொன்னார்: திறந்த கதவருகே நிற்பது 20, துணையோடு ஒரு மாடி செல்வது 50, நெரிசலில் ஏழு மாடியும் செல்வது 95. படபடப்பின் உச்சத்தில் வெளியேறினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிவு செய்துகொள்ளும் என்பதால், அது தானாகத் தணியும்வரை அந்தச் சூழலிலேயே இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு சூழலுக்கான பயம் நன்கு குறைந்த பிறகே அடுத்தது. (1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவனிடம் முயலைச் சிறிது சிறிதாக நெருங்கக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே வழிதான்.)

எனக்குக் கடினமாக இருந்தது கதவு மூடுவதல்ல. கைப்பேசியை இறுகப் பிடித்தபடி அபாய மணிப் பொத்தானை ஒட்டியே நிற்கும் பழக்கத்தை விடுவதுதான். அந்தப் பிடிமானம் இருந்தவரை பயம் முழுதாக இறங்கவே இல்லை. இப்போது காலையில் தனியாக ஏழாம் மாடிவரை செல்கிறேன்; கூட்டம் நெருக்கும் மாலையில் மட்டும் இன்னும் படிகள்தான், பட்டியலில் அது ஒன்றே மிச்சம்.