அமைதி, மோதல் ஆய்வு: எண்களை நம்புவதா, களத்தை நம்புவதா?

கேள்வி
அரசியல் அறிவியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். அமைதி மற்றும் மோதல் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழகப் பணியிலேயே தொடர விரும்புகிறேன். இத்துறையில் ஒரு சாரார் தரவுகளையும் புள்ளியியலையும் கொண்டு எழுதுகிறார்கள்; மற்றொரு சாரார் களத்துக்குச் சென்று மக்களிடம் பேசுகிறார்கள். தொடக்கத்திலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமா? இது தனித்துறைதானா என்பதிலேயே என் பேராசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

மறுமொழி 1
தனித்துறையா என்ற வழக்கு, 1959இல் நார்வே அறிஞர் யோஹான் கால்துங் முதலானோர் ஒஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே நடந்துவருகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் 1970களின் தொடக்கத்திலேயே தனித்துறைகள் அமைந்துவிட்டன. ஆனாலும் ஆசிரியர் பணி அறிவிப்புகளில் பல இன்றும் அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள் என்ற பெயர்களிலேயே வருவதால், அத்துறைத் தேர்வுக்குழுவும் ஏற்கும்படி உங்கள் ஆய்வேடு அமைவது நல்லது.

எண்களைப் பொறுத்தவரை, அவை எப்படி உருவாகின்றன என்பதை ஒருமுறையாவது அருகிலிருந்து பாருங்கள். ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்திருந்தால்தான் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத்திட்டம் அதை அந்த ஆண்டின் ஆயுத மோதலாகக் கணக்கில் எடுக்கும். 24 பேர் என்றால் பட்டியலில் இடமில்லை. இதுபோன்ற வேறொரு தரவுத்திட்டத்தில் நான் பயிற்சிப் பணியில் இருந்தபோது, ஒரே நாளில் நடந்த தாக்குதலை மூன்று செய்திகள் மூன்று ஊர்ப்பெயர்களோடு தந்திருந்தன. அது ஒரு நிகழ்வா, மூன்றா என்று முடிவுசெய்ய ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. மூன்றும் ஒரே ஊருக்கு வெவ்வேறு மொழியினர் வழங்கும் பெயர்கள் என்று சொன்னவர், அப்பகுதியில் ஈராண்டு களப்பணி செய்த ஒருவர்தான்.

மறுமொழி 2
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் களப்பணியை எண்களுக்குத் துணைவேலையாகக் கருதிவிட வேண்டாம். நேரடி வன்முறை இல்லாத நிலையை மட்டும் அமைதி என்று கொண்டால், சமூக அமைப்பே மக்களுக்கு இழைக்கும் தீங்கு, அதாவது கால்துங் 1969இல் கட்டமைப்பு வன்முறை என்று விளக்கியது, நம் கண்ணில் படாமலே போகும். சாவு எண்ணிக்கை குறைந்த பின்னும் தம் நிலத்துக்குத் திரும்ப முடியாதவர்களின் நிலையை அந்த 25 என்ற வரம்பு காட்டாது. நீங்கள் ஆராயப்போகும் பகுதியின் மொழியை இப்போதே கற்கத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் பதிலும் மாறும்.

மறுமொழி 3
வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பின் ஓரிரு ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறும் காலம் நீளக்கூடும். குடும்பத்தினரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. நேர்காணல் தருபவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார்களே, அஞ்சுபவர்களிடம் அதை எப்படிக் கேட்பது?

மறுமொழி 2
கேட்க வேண்டாம். என் முதல் களப்பயணத்தில் ஒரு முதியவர் படிவத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கையெழுத்திட்ட தாளே பின்னாளில் அவருக்கு எதிரான சான்றாகிவிடலாம். அதன்பின் வாய்மொழி ஒப்புதலுக்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவிடம் முன்னதாகவே அனுமதி பெற்றேன். குறிப்பேட்டில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் களத்துக்கு என்னோடு வருவதே இல்லை.