பரந்தன் மாமாவின்ர டாக் பெட்டியும் குடும்பக் குறூப்பும்

(டாக், DAC, எண்டா ரீவி, கொம்பியூட்டரில இருந்து இலக்கமா வாற சத்தத்தை அலையா மாத்தி, ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்புக்குக் குடுக்கிற பெட்டி)

மாமா: தம்பி நீ கொண்டந்து வச்சிட்டுப் போன பெட்டியை இண்டைக்கு ரீவியோட கொழுவினன் நீல லைற் எரியுது ஆனா சத்தம் ஒண்டும் இல்லை முன்னால ஒரு பெரிய திருகி இருக்கு அதைத் திருப்பினா எழுத்து மாறுது பக்கத்தில நாலு பொத்தான் றிமோட்டில அதைவிடக் கூட எது எதுக்கெண்டு ஒண்டும் விளங்கேல்லை கொம்மா நாடகம் பாக்கோணும் எண்டு நிக்கிறா கெதியாச் சொல்லு

மாமா: (படம்) (படம்) (படம்)

மாமி: நான் ஒண்டும் நிக்கேல்லை. இவர்தான் மத்தியானம் சாப்பிட்ட கையோட ரீவிக்குப் பின்னால போய்ப் படுத்தவர் இன்னும் எழும்பேல்லை

தங்கச்சி: மாமா மூண்டாவது படத்தில உங்கட பெருவிரல் மட்டும்தான் தெரியுது

நான்: மச்சானுக்கு இப்ப அங்க காலமை எட்டு மணி, எழும்பியிருப்பான். மாமா அதுக்கு முதல் ஒரு கேள்வி. கனடாவில இருந்து வந்த சாமான் எல்லே, எத்தினை வோல்ட் எண்டு பாத்தே குத்தினனீங்கள்?

ரொறன்ரோ மச்சான்: எழும்பிட்டன், பஸ்ஸுக்கு நிக்கிறன். வோல்டேஜுக்குப் பயப்பிடாதேங்கோ. இஞ்ச 120 வோல்ட், அங்க 230. அந்தப் பெட்டிக்குள்ள வட்டமாப் பெரிய ட்ரான்ஸ்போமர் ஒண்டு இருக்கு, போன் சார்ஜர் மாதிரி அது தானா சமாளிக்காது. அதால நான் அங்க நிக்கேக்கயே அடிப்பக்கம் இருக்கிற செலக்டரை 230க்குத் தள்ளி, பியூஸையும் மாத்திப் போட்டுத்தான் வந்தனான். வோல்ட் கூடினா கறண்ட் குறைய இழுக்கும், அதால பியூஸும் சின்னனாப் போடோணும்

மாமி: அப்ப கொக்கா அனுப்பின கிறைண்டர்?

ரொறன்ரோ மச்சான்: அம்மா அதைக் குத்திப்போடாதேங்கோ!! அடியில பாருங்கோ 120 எண்டு மட்டும் இருக்கும். 100 இல இருந்து 240 எண்டு அடிச்சிருந்தாத்தான் அங்க நேரா குத்தலாம். இல்லாட்டி ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும்

மாமி: நல்ல காலம் இன்னும் பெட்டியே உடைக்கேல்லை

ரொறன்ரோ மச்சான்: சரி அப்பா. டிஸ்பிளேயில இப்ப என்ன எழுதியிருக்கு?

மாமா: கோக்ஸ் எண்டு இருக்கு அதுக்குக் கீழ நோ லொக்

ரொறன்ரோ மச்சான்: அதுதான் விசயம். நோ லொக் எண்டா பெட்டி ஒண்டையும் பிடிக்கேல்லை எண்டு அர்த்தம். அந்தப் பெரிய திருகி சத்தத்துக்கு இல்லை, எந்த ஓட்டையால வாறதை எடுக்கிறது எண்டதுக்கு. நடுவில அமத்திப்போட்டுத் திருப்பினாத்தான் சத்தம். பின்னால யூஎஸ்பி, ஓப்டிக்கல், கோக்ஸ், ஏஈஎஸ் எண்டு நாலு இருக்கு. நீங்கள் ரீவியில இருந்து கொழுவினது மெல்லிய கறுப்பு வயர்தானே? அப்ப ஓப்டிக்கலில நிப்பாட்டுங்கோ

மாமா: நிப்பாட்டிட்டன் இப்பவும் நோ லொக் தான்

நான்: மாமா அந்த வயரை ரீவிப் பக்கம் பூட்டினபடி விட்டிட்டு பெட்டிப் பக்கத்தை மட்டும் கழட்டிப் பாருங்கோ. நுனியில சிவப்பு லைற் தெரியோணும். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ, உள்ளங்கையில பிடிச்சாக் காணும். அதோட புது வயர் எண்டா ரெண்டு நுனியிலயும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும் கழட்டினனீங்களோ

மாமா: மூடி எண்டு ஒண்டு இருந்தது தூசி போகக்கூடாதெண்டு நினைச்சு அதோடதான் ஒரு மாதிரி இறுக்கிப் பூட்டினன்

தங்கச்சி: ஐயோ மாமா

பெரியம்மா: என்ர தம்பி சின்னனில இருந்தே உப்பிடித்தான். எதையும் இறுக்கித்தான் பூட்டுவான்

மாமா: கழட்டிட்டன் லொக் வந்திட்டுது 48.0 எண்டு காட்டுது ஆனா சத்தம் இன்னும் இல்லை

ரொறன்ரோ மச்சான்: 48 வந்ததே பெரிய விசயம். ரீவி ஒரு செக்கனுக்கு 48 ஆயிரம் தரம் அளந்து அனுப்புது, பெட்டி அதைப் பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம். இனி ரீவி செற்றிங்ஸுக்குப் போங்கோ, சவுண்ட், அதில டிஜிற்றல் அவுட்புட். அங்க டொல்பி, ஓட்டோ, பிட்ஸ்ட்ரீம் எண்டு ஏதும் இருந்தா பிசிஎம் எண்டதுக்கு மாத்துங்கோ, அது சுருக்காமல் அப்பிடியே அனுப்பிறது. டொல்பி எண்டா சுருக்கிக் கட்டின பொதி. இந்தப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, எவ்வளவு காசு குடுத்தாலும் பாட்டுக் கேக்கிற டாக்குகள் கனக்க அப்பிடித்தான். ஒண்டில் சத்தமே வராது, இல்லாட்டி இரைச்சல் வரும்

மாமா: பிசிஎம் போட்டிட்டன்

மாமா: வந்திட்டுது வந்திட்டுது நாடகம் கேக்குது அழுகைச் சத்தம் வடிவாக் கேக்குது

மாமி: பெட்டி வேலை செய்யத் தொடங்கினது எனக்கு இஞ்ச குசினிக்கே கேட்டது. முன்வீட்டுக்கும் கேட்டிருக்கும்

மாமா: சத்தம் குறைக்க ஏலாமல் இருக்கு ரீவி றிமோட்டை அமத்தினா ஒண்டும் நடக்கேல்லை பெட்டியின்ர றிமோட்டில குறைச்சுக் குறைச்சு 0 மட்டும் கொண்டந்திட்டன் 0 எண்டு காட்டுது ஆனா காது கிழியுது

ரொறன்ரோ மச்சான்: அப்பா உடன ஆம்ப் நொப்பை இடப்பக்கம் முழுக்கத் திருப்புங்கோ!!!

ரொறன்ரோ மச்சான்: அந்த 0 டெசிபெல் எண்டது சத்தம் இல்லை எண்டு இல்லை, அதுதான் ஆகக் கூட. அதில இருந்து கீழ மைனஸில போகும். மைனஸ் 20, மைனஸ் 40 எண்டு போகப் போகத்தான் குறையும். மைனஸ் 60 கிட்ட அனேகமாக் கேக்காது. நீங்கள் குறைக்கிறன் எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கிறீங்கள்

தங்கச்சி: 10 டெசிபெல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும் மாமா, அப்ப மைனஸ் 30 இல இருந்து 0க்கு வந்தா எட்டு மடங்கு

மாமா: இவ்வளவு காசு வாங்கிறாங்கள் 0 எண்டா 0 எண்டு வைக்க மாட்டாங்களோ

நான்: மாமா எங்கட லவுட்ஸ்பீக்கர் செற்றில மிக்ஸரிலயும் அதே கதைதான். வேலைக்கு வாற புதுப் பெடியங்கள் எல்லாரும் முதல் நாள் அதிலதான் நிப்பாங்கள்

ரொறன்ரோ மச்சான்: இனி முக்கியமான ஒண்டு. உங்களிட்ட ஆம்ப் இருக்கு, அதிலயும் சத்தம் கூட்டிக் குறைக்க நொப் இருக்கு. அப்ப ரெண்டு இடத்தில வேண்டாம். பெட்டி மெனுவில அவுட்புட் எண்டதுக்குப் போய் வேரியபிள் எண்டு இருக்கிறதை பிக்ஸ்ட் எண்டு ஆக்குங்கோ. அப்ப பெட்டி ஒரே அளவு, ஆம்புக்குப் போற ஆர்சிஏ வயரில 2 வோல்ட் கிட்ட, சீடி பிளேயர் குடுக்கிற மாதிரி ஆம்புக்குக் குடுக்கும். கூட்டிறது குறைக்கிறது எல்லாம் ஆம்பில. ஆனா பிக்ஸ்டுக்கு மாத்தேக்க ஆம்ப் நொப் முழுக்கக் கீழ இருக்கோணும். ஏனெண்டா பிக்ஸ்ட் எண்டா 0 டெசிபெல்தான், நீங்கள் முந்தி மைனஸ் 40 இல கேட்டுக்கொண்டு இருந்தாலும் ஒரே அடியா மேல போயிடும், ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சாலும் கிழிஞ்சிடும்

தங்கச்சி: மச்சான் பெட்டியிலயே சத்தம் குறைச்சா பிட் (ஒவ்வொரு அளவையும் எழுதிற இலக்கத்தின்ர நீளம்) குறையும் தரம் போயிடும் எண்டு சொல்லுறாங்களே அது உண்மையோ

ரொறன்ரோ மச்சான்: உண்மை ஆனா இந்தப் பெட்டியில கவலைப்படுற அளவு இல்லை. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் எண்டு கணக்கு. சீடி 16 பிட், அதாவது 96 டெசிபெல் கிட்ட. உள்ளுக்க 32 பிட்டில கணக்குப் போட்டுட்டுத்தான் குறைக்குது. மைனஸ் 20இல வச்சுக் கேட்டாலும் ஒண்டும் தெரியாது. மைனஸ் 60இல வச்சுப்போட்டு ஆம்பை முறுக்கிறது தான் கூடாது, ஆம்பின்ர இரைச்சலும் சேந்து வரும். ஆம்ப் இல்லாமல் நேரா பவர் உள்ள ஸ்பீக்கருக்குக் குடுக்கிறவைக்குத்தான் வேரியபிள்

மாமா: பிக்ஸ்ட் போட்டாச்சு இப்ப நல்லா இருக்கு. சரி இந்தப் பெட்டிக்கு என்ர கசற் பிளேயரை எங்கால கொழுவிறது

ரொறன்ரோ மச்சான்: அப்பா அது இதுக்குத் தேவையில்லை. இந்தப் பெட்டி செய்யிறது ஒரே ஒரு வேலை, இலக்கமா வாறதை அலையா மாத்திறது. கசற்றில இருந்து வாறது ஏற்கனவே அலை. நேரா ஆம்பில டேப் எண்டு எழுதின இடத்தில குத்துங்கோ. கசற்றைக் கொம்பியூட்டருக்குள்ள ஏத்தோணும் எண்டாத்தான் இதுக்கு எதிரான பெட்டி வேணும், அது வேற

பெரியம்மா: கசற் எண்டதும் ஞாபகம் வருகுது. பொருளாதாரத் தடை நேரம் பற்றறியும் இல்லை கறண்டும் இல்லை. இவன் சைக்கிளைக் கவுட்டு வச்சு டைனமோவில வயர் குடுத்து ரேப் போடுவான். மிதிக்கிறது நாங்கள், பாட்டுத் தெரிவு செய்யிறது அவன். கொஞ்சம் களைச்சு மெதுவா மிதிச்சாப் பாட்டுக்காரன் இழுபடுவான்

மாமா: அக்கா நான் மிதிக்கவே இல்லை எண்டு சொல்லாதேங்கோ நியூஸ் நேரம் நான்தானே மிதிச்சனான்

பெரியம்மா: நியூஸ் எத்தினை நிமிசம்?

தங்கச்சி: ஹாஹா. மச்சான் நான் வெள்ளிக்கிழமை பரந்தனுக்குப் போறன் லப்டொப்பும் கொண்டுபோறன். யூஎஸ்பியில கொழுவினா டிரைவர் வேணுமோ

ரொறன்ரோ மச்சான்: விண்டோஸ் 10, 2017இல வந்த அப்டேற்றுக்குப் பிறகு எண்டா போடாமலே பிடிக்கும். ஆனா ஒண்டு, விண்டோஸ் சவுண்ட் செற்றிங்ஸில 48 மாதிரி ஒரு இலக்கம் போட்டிருக்கும், அதுக்குத்தான் எல்லாத்தையும் மாத்தி அனுப்பும். அதால சீடிப் பாட்டுப் போட்டாலும் சீடியின்ர 44.1 வராமல் 48 எண்டே பெட்டியில நிக்கும். பாட்டுப் போடுற சொப்ட்வெயரில எக்ஸ்குளூசிவ் எண்டு தெரிவு செய், அப்ப விண்டோஸ் கை வைக்காது. பெட்டியில இருக்கிற அந்த இலக்கத்தைப் பாத்தாலே சரியா பிழையா எண்டு தெரிஞ்சிடும். நான் டிஸ்பிளேயில உண்மையாப் பாக்கிறது அது ஒண்டைத்தான்

மாமா: றிமோட்டில அப் எண்டு ஒரு பொத்தான் அமத்தினன் 48 எண்டது 192 ஆகிட்டுது இப்ப நாலு மடங்கு நல்லமோ

ரொறன்ரோ மச்சான்: அது அப்சாம்பிளிங் அப்பா. இடையில கணக்குப் போட்டு நிரப்புது. ரீவிக்காரன் அனுப்பாத ஒண்டையும் அது கொண்டுவராது

மாமி: பாலில தண்ணி விட்டா அளவு கூடும் பால் கூடாது

ரொறன்ரோ மச்சான்: அம்மாவுக்கு விளங்கிட்டுது. வேண்டாம் எண்டா திருப்பி அமத்துங்கோ, விட்டாலும் பழுதில்லை

மாமா: அப்ப பில்டர் எண்டு இருக்கிறது. சார்ப் ஸ்லோ மினிமம் எண்டு மூண்டு வருகுது

ரொறன்ரோ மச்சான்: இதுக்குத்தான் ஆக்கள் இரவிரவா சண்டை பிடிக்கிறது. மனிசன்ர காது 20 கிலோஹேர்ட்ஸ் மட்டும், அதுவும் சின்னப் பிள்ளையளுக்கு. சீடி 44.1இல அளக்கிறதால அதில பாதி 22.05 மட்டும்தான் பிடிக்கும். அந்த 20க்கும் 22க்கும் இடையில எப்பிடி வெட்டுறது, ஒரேயடியா வெட்டுறதோ சாய்ச்சு வெட்டுறதோ எண்டதுதான் பில்டர். அறுபது தாண்டினா அங்கால காதே எட்டாது. சார்ப்பில விட்டிட்டு மறவுங்கோ. நானும் மாத்திப் பாத்தனான், கண்ணை மூடிக்கொண்டு எது எதெண்டு சொல்லச் சொன்னா என்னால ஏலாது

தங்கச்சி: அப்ப ஏன் இவ்வளவு காசு மச்சான்

ரொறன்ரோ மச்சான்: பாதிக்காசு அந்த அலுமினியப் பெட்டிக்குத்தான். நல்ல பவர் சப்ளை, நல்ல கிளொக் (இலக்கங்களை நேரம் தவறாமல் எடுக்க வைக்கிற கடிகாரம்) இருக்கு, அதை இல்லை எண்டேல்லை. ஆனா நாலில ஒரு பங்கு விலையில இதுக்குக் கிட்ட வாற பெட்டியள் இப்ப இருக்கு

மாமா: இதை நீ வாங்கேக்க சொல்லேல்லை

நான்: மாமா பேஸ் (phase, அலையைத் தலைகீழாக்கிறது) எண்டு ஒரு பொத்தான் இருக்கும், அதை அமத்தாதேங்கோ, அதைவிட ஸ்பீக்கருக்குப் பின்னால போய் வயரைப் பாருங்கோ. சிவப்பு சிவப்பிலயும் கறுப்பு கறுப்பிலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோணும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் செற் கட்டேக்க ஒரு பொக்ஸின்ர வயர் மாறி இருந்தாலே பறைச்சத்தத்தில அந்தத் தடிச்ச அடிச்சத்தம் ஒளிச்சிடும், ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்டை ஒண்டு வெட்டும். பெட்டியில இருக்கிற பொத்தான் ரெண்டையும் சேத்து மாத்துமே தவிர உதைத் திருத்தாது

மாமா: பொறு பாத்திட்டு வாறன்

மாமி: திரும்பவும் பின்னால போய்ப் படுத்திட்டார்

மாமா: இடப்பக்கம் மாறித்தான் இருந்தது. மாத்திட்டன். ஐயோ இது வேற ஸ்பீக்கர் மாதிரி எல்லே கேக்குது. இவ்வளவு காலமும் அடி இல்லாமலே கேட்டிருக்கிறன்

ரொறன்ரோ மச்சான்: பாத்தீங்களே, இண்டைக்குச் செய்ததில ஆகப் பெரிய வித்தியாசம் அதுதான், அதுக்கு ஒரு சதமும் போகேல்லை

பெரியம்மா: தம்பி இடி மழை தொடங்கப் போகுது. ஐப்பசி வந்தா புதுக்குடியிருப்பில நாங்கள் எல்லாத்தையும் கழட்டிப்போடுவம்

நான்: ஓம் மாமா பெரியம்மா சொல்லுறது சரி. இடிக்குது எண்டா சுவிச்சை மட்டும் நிப்பாட்டினாக் காணாது, பிளக்கைக் கழட்டுங்கோ. ஓப்டிக்கல் வயரால மின்னல் வராது, அது பிளாஸ்டிக். ஆனா டிஷ் வயரால ரீவிக்கும், ஆர்சிஏ வயரால ஆம்பில இருந்து பெட்டிக்கும் வரும்

மாமா: மற்ற நேரம் எப்பவும் போட்டே விடலாமோ தம்பி சூடேறினாத்தான் நல்ல சத்தம் எண்டு சொன்னவன்

ரொறன்ரோ மச்சான்: சொன்னனான்தான், ஆனா பில்லையும் பாருங்கோ. 20 வாட் கிட்ட இழுக்கும், இரவு பகல் விட்டா மாசம் 14 யுனிட். ஸ்டாண்ட்பையில போட்டிட்டு கேக்கேக்க எழுப்புங்கோ. செற்றிங்ஸ் ஒண்டும் அழியாது

மாமா: சரி ஸ்டாண்ட்பை. கறண்ட் போட்டுது பேந்து கதைக்கிறன் பெட்டியில டிஸ்பிளே முழுக்க இருட்டு

மாமி: கறண்ட் போகேல்லை. பான் சுத்துது

ரொறன்ரோ மச்சான்: அப்பா நாடகம் கேக்குதோ?

மாமா: ஓம் கேக்குது

ரொறன்ரோ மச்சான்: அப்ப டிம் எண்ட பொத்தானை அமத்தியிருக்கிறீங்கள். திருப்பி அமத்துங்கோ. என்ர பஸ் வந்திட்டுது