கட்டபெட்டு மேல் லைன் குடும்பங்கள் (வாட்ஸ்அப் குழு)

சரோஜா அக்கா, மாலை 7:04
இன்றும் ஐந்தரை பஸ் வரவில்லை. குன்னூர் ஸ்டாண்டில் எட்டு பேர் மழையில் நின்றுவிட்டு ஜீப் பிடித்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து வந்தோம். பெண்களுக்கு இலவச பஸ்தானே என்று நான் கையில் காசே எடுத்துப் போகவில்லை, செல்விதான் கொடுத்தாள்.

மணி அண்ணா, 7:09
பஸ்காரர்களைக் கேட்டால் அந்த டிரிப்பில் ஆளே இல்லை என்கிறார்கள் அம்மா.

சரோஜா அக்கா, 7:10
ஆள் இல்லையா?? லாலி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கூட்டம் முழுக்க அதில்தானே வருகிறது, நேற்று நான் நின்றுகொண்டுதான் வந்தேன்.

கவிதா, 7:13
அக்கா, நேற்று டிக்கெட் வாங்கினீர்களா?

சரோஜா அக்கா, 7:14
இலவசத்துக்கு எதற்குக் கண்ணு டிக்கெட். கண்டக்டர் பின்னால் வரவே இல்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது.

கவிதா, 7:21
அங்கேதான் அக்கா தப்பு நடக்கிறது. நாம் காசு கொடுக்காவிட்டாலும் நமக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது, அந்தக் கணக்கே நமக்குக் கிழித்துத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை வைத்துத்தான். நாற்பது பெண்கள் ஏறி பத்து பேர் மட்டும் டிக்கெட் வாங்கினால் தாளில் பத்து பேர்தான், அப்புறம் ஆள் இல்லாத டிரிப் என்று முதலில் கைவைப்பது இதில்தான். ஓசி என்று யாராவது சொன்னால் கூச்சப்படாதீர்கள். கீழே சமவெளியில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதமே தொடங்கியது, நம் மலையில் டவுன் பஸ் என்று தனியாக இல்லாததால் 2024 வரை நாம் காத்திருந்தோம். அவ்வளவு காத்திருந்து வாங்கியதை டிக்கெட் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

பிரபு, 7:25
மாநிலத் திட்டக்குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது அக்கா. லக்சம்பர்க் நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து ஆண், பெண் எல்லோருக்கும் பஸ், டிராம், ரயில் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு.

மணி அண்ணா, 7:27
நான் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தே வருகிறேன் தம்பி, பஸ் வந்தால் போதும்.

செல்வி, 7:30
என் மாமியாரைக் கூட்டிப்போனால் எனக்கும் இலவசம்தானா? ஊனமுற்றோர் அட்டை அவர்களிடம் இருக்கிறது.

கவிதா, 7:32
உங்களுக்கு எப்படியும் இலவசம் செல்வி. அண்ணன் துணைக்குப் போனாலும் அந்த அட்டையைக் காட்டினால் துணைக்கு ஒருவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாதாரண பஸ்ஸில் மட்டும், எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள்.

கவிதா, 7:36
நாளையிலிருந்து ஐந்தரை பஸ்ஸில் ஏறும் எல்லோரும் கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் வாங்கி அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பஸ் வராத நாளில் தேதியையும் நேரத்தையும் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மனு எழுதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்போம், எத்தனை பேர் ஊட்டி வருகிறீர்கள்?

சரோஜா அக்கா, 7:38
நான் வருகிறேன் கண்ணு. அன்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை.

செல்வி, 7:39
நானும். மாமியாருக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வைக்கலாமா?

கவிதா, 7:40
தாராளமாக. இங்க் பேட் நான் எடுத்து வருகிறேன், காலையில் எட்டு மணிக்குக் கடை முன்னால் நில்லுங்கள்.