வீடு செந்தூலில், வேலை சிங்கப்பூரில்: வரி எங்கே கட்டுவது?

செந்தூல்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் மலேசியாவுக்கே, கோலாலம்பூருக்குத் திரும்பி வந்துவிட்டேன். மாதத்தில் மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை. மீதி ஒரு வாரம் பண்டார் தாசிக் செலாத்தானில் இரவு பஸ் ஏறிப் போய் ஆபீசில் இருந்துவிட்டு வருவேன். சம்பளம் சிங்கப்பூர் பேங்கில் விழுகிறது. பாதியை இங்கே அனுப்பிவிடுவேன், வீட்டு லோன் இருக்கிறதே.

எச்ஆரில் கேட்டால், "நீங்கள் சிங்கப்பூர் ஊழியர், ஐராஸுக்கு (சிங்கப்பூர் வரித்துறை) மட்டும் கட்டினால் போதும்" என்கிறார்கள். என் அத்தானோ, "வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 வரை இங்கே வரியே கிடையாது, நீ ஏன் வம்பை விலைக்கு வாங்குகிறாய்?" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே வருமான வரிக்கான பிஇ ஃபாரம் நிரப்ப வேண்டுமா?

பட்டர்வொர்த் கணக்கர்:
நிரப்ப வேண்டும், தங்கச்சி. அத்தான் சொன்ன விலக்கு உண்மைதான். 2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கும் வரி என்று சட்டம் மாறியது. பிறகு தனிநபர்களுக்கு விலக்குக் கொடுத்து, 2036 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஆனால் அது வெளிநாட்டில் விளைந்த வருமானத்துக்கு. சம்பளம் விளைவது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில். முதலாளி எங்கே, பேங்க் எங்கே என்பது கணக்கில்லை. 1967 வருமான வரிச் சட்டம் 13வது பிரிவைப் பாருங்கள். செந்தூலில் செய்த வேலைக்கான சம்பளம் மலேசிய வருமானம். ஒரு காசுகூட இங்கே அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தாலும் அப்படித்தான்.

சிங்கப்பூரும் இதே கணக்குதான் போடும். அங்கே போய் வேலை செய்த நாட்களுக்கு மட்டும்தான் அவர்களுக்கு உரிமை. அந்த நாட்கள் வருடத்தில் 60-ஐத் தாண்டாவிட்டால், நீங்கள் கம்பெனி இயக்குநராக இல்லாதவரை, அதற்கும் விலக்கு. தாண்டினால், 183 நாளை எட்டாதவரை நீங்கள் அங்கே வசிப்பவர் அல்லாதவர். 15 சதவீதம் அல்லது வசிப்பவருக்கான விகிதம், எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மாதம் ஒரு வாரம், அதாவது ஐந்து வேலை நாள் என்றால் அந்த 60-இன் விளிம்பிலேயே நிற்கிறீர்கள். டிசம்பரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் யோசித்துப் போங்கள்.

இன்னொன்று. "183 நாளுக்குள் இருந்தால் சிங்கப்பூரில் வரி இல்லை" என்று, இரட்டை வரியைத் தவிர்க்கும் இரு நாட்டு உடன்படிக்கையைக் காட்டி யாராவது சொல்வார்கள். சம்பளம் கொடுப்பது சிங்கப்பூர் கம்பெனி என்றால் அந்தச் சலுகை எடுபடாது.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே. அப்படியானால் கம்பெனி என் முழுச் சம்பளத்தையும் ஐராஸில் காட்டுவது சரியா? ஏற்கெனவே அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாமா?

பட்டர்வொர்த் கணக்கர்:
சரியில்லை. நாள் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே கட்ட வேண்டிய வரியைத்தான் இங்கே கழிக்கலாம். கட்ட வேண்டாததைக் கட்டிவிட்டு எல்எச்டிஎன்னிடம் (மலேசிய வரித்துறை) கழித்துக் கேட்டால் நடக்காது, அதை ஐராஸிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வாரச் சம்பளத்தையும், 'இங்கே செய்யும் வேலையின் தொடர்ச்சிதானே' என்று எல்எச்டிஎன் சேர்க்கப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வரி விழுந்தால் அப்போதுதான் உடன்படிக்கைக் கழிவு உதவும். அந்த இடத்தில் மட்டும் ஒரு வரி ஏஜெண்டிடம் காசு கொடுத்துக் கேட்பது நல்லது.

எச்ஆர் மழுப்புவதற்கும் காரணம் உண்டு. மலேசியாவில் அவர்கள் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் கம்பெனிக்கே இங்கே வரி வந்துவிடுமோ என்ற பயம். கம்பெனி பெயரில் ஒப்பந்தம் பேசி முடிக்கிறவர்களுக்குத்தான் அது பெரிய தலைவலி. ஆவணப் பிரிவுக்கு அவ்வளவு இல்லை.

கெப்போங் பையன்:
நானும் இதே கதை அக்கா, முதலாளி மட்டும் வேறு. ஆட்டோகேட்டில் போய்வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, அதனால் பஸ் டிக்கெட்டை எல்லாம் போனில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு நாள் கணக்கைக் கேட்டால் கையில் ஆதாரம் வேண்டும்.

உங்களுக்கு பிசிபி (சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி) பிடிக்க ஆள் இல்லை, அதனால் மொத்த வரியும் ஒரே தடவையில் கழுத்தைப் பிடிக்கும். மாதாமாதம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிஇ ஃபாரத்துக்குக் கெடு ஏப்ரல் 30, மைடெக்ஸ் இணையதளத்தில் செய்தால் மே 15 வரை விடுவார்கள். வரியைத் தாமதமாகக் கட்டினால் 10 சதவீதம் கூடும்.

அப்புறம், அப்பாவின் டயாலிசிஸ் ரசீதுகளை உங்கள் பெயரில் வாங்குங்கள். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு இருக்கிறது. வருடத்தில் 182 நாள் இங்கே இருப்பவருக்குத்தான் அது, உங்களுக்கு அதில் சிக்கல் வராது.

செந்தூல்வாசி:
ரசீது எல்லாம் அண்ணன் பெயரில் இருக்கிறதே! சரி, அடுத்த மாதத்திலிருந்து மாற்றச் சொல்கிறேன். எச்ஆருக்கு இன்று இரவே மெயில் போடுகிறேன்.